பத்து இஞ்ச் பெட்டி

நூர் பாஷா தன் கடைக்குள் ஸ்பீக்கர் பெட்டியை அலறவிட்டுக்கொண்டிருந்தார். அதை வாங்க வந்த சென்னப்பனோ பக்கத்து உரக்கடையில் போய் நின்றிருந்தார்.

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர். யூரியா மூட்டைகளுக்கு இடையில் புகுந்து, அந்தச் சுவரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றார். உரக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்த வாரம் அது. யார் எங்கே எப்படி நின்றாலும் யாரும் கேட்பதில்லை.

எட்டு இஞ்ச் சப்வூஃபர் சுவரைத் தாண்டவில்லை. பன்னிரண்டு இஞ்ச் தாண்டியது, ஆனால் லொடலொடவென்று. பத்து இஞ்ச்சைக் கனத்த மரப்பெட்டி ஒன்றில் பொருத்தியிருந்தார் பாஷா. அதைப் போட்டதும் அதிர்வு உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறியது. சென்னப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இஞ்ச்சை மட்டும் பாத்தா ஆவாதுங்க, பெட்டியும் அதுக்குத் தகுந்தாப்ல அமையணும்" என்றார் பாஷா, திரும்பி வந்தவரிடம். "ஆனா எல்லாரும் பக்கத்து வூட்டுக்குக் கேக்கக்கூடாதும்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கணுங்கறீங்க. அப்படி என்னங்க சண்டை?"

சென்னப்பன் அந்தப் பெட்டியையே கட்டச் சொன்னார்.

சண்டை இருந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது. பக்கத்து வீடு என்பது தம்பி பூபதியின் வீடு. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. போர்வெல் தண்ணீரில் தொடங்கி, மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கையால் அடித்து அணைக்கிற வரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டு ஆட்களோடு பேச்சு கிடையாது, அந்த வாசலை மிதிப்பது கிடையாது என்று சத்தியம் செய்தவர் சென்னப்பன்தான். இருந்த கோபத்தில் கை சுட்டதுகூட அன்றைக்குத் தெரியவில்லை.

இப்போது பூபதிக்கு ஈரல் போய்விட்டது. சேலத்தில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறான்.

கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அது பிள்ளைகள் தலையில் விடியும் என்பார்கள். சென்னப்பனின் மகள் காவியா ஏழு மாசமாக இருக்கிறாள். அதனால் வாயும் காலும் கட்டிக் கிடந்தன. ஒரு வார்த்தை இல்லாமலே தம்பியை அனுப்பிவிடப் போகிறோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. பேச மாட்டேன் என்றுதானே சத்தியம்? பாட்டுப் போட மாட்டேன் என்று சொல்லவில்லையே.

கல்யாணத்துக்கு முன்பு இரண்டு பேரும் சேர்ந்து மைக் செட் வைத்திருந்தார்கள். அரூர், கடத்தூர் என்று எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் பூபதி முதலில் போடுவது ஒரே பாட்டுதான். இஞ்ச் பெரிதாக இருந்தால்தான் சத்தம் என்பார் சென்னப்பன். பெட்டி சரியாக அமைந்தால் சின்னதே போதும் என்பான் பூபதி. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

நீ சொன்னதுதான்டா சரி. அதை அந்தப் பத்து இஞ்ச் பெட்டியே போய்ச் சொல்லட்டும் என்று நினைத்தார்.

அன்றைக்கு மாலையே பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, வீட்டிலிருந்த பழைய செட்டோடு இணைத்து, அந்தப் பாட்டைப் போட்டார். மறுநாளும் போட்டார். மூன்றாம் நாளும் போட்டார். சரணம் வரும்போதெல்லாம், தம்பி இந்நேரம் கூடவே வாயசைத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும். மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டார்.

நான்காம் நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, பூபதியின் மனைவி சோபனா வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சென்னப்பன் பதறி எழுந்தார். சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சத்தியத்தில் சிரிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாமா, அங்க பாட்டெல்லாம் கேக்கறதில்லீங்க. வெறும் திம்மு திம்முன்னுதான் வருது. நான் போறதுக்கு முன்னாடியே சாவு மேளம் அடிக்கறாங்களான்னு கேக்கறாருங்க. ஒவ்வொரு அடியும் வீங்குன வயித்துக்குள்ள இடிக்குதாம். இன்னும் கொஞ்ச நாள்தாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க."

பாட்டு போகவில்லை. இடி மட்டும்தான் போயிருக்கிறது. உரக்கடையில் நின்றபோதும் அது மட்டும்தான் வந்தது. பாட்டைக் கேட்டது அவர் மனசு.

இல்லம்மா, நான் அதுக்குப் போடலை என்று சொல்ல வாயைத் திறந்தார். காவியாவின் வயிறு கண்முன் வந்து நின்றது. மூடிக்கொண்டார்.

உள்ளே ஓடி வயரைப் பிடுங்கினார். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் சத்தம் வராமல்தான் அழ வேண்டியிருந்தது.

அவர் மறுபடி வாசலுக்கு வந்தபோது சோபனா தன் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு, உடனே நிறுத்திருவாருன்னு மொத நாளே சொன்னாருங்க. நாந்தான் மாமா, நீங்க எங்க நிறுத்தப் போறீங்கன்னு வராமலே இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.