கைக்கு அடக்கமான அடுப்பு

மலையேற்றச் சாமான் விற்கும் கடையில், அந்த ஆள் ஒரு மணி நேரமாக சேல்ஸ்மேனின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்த அடுப்பு எவ்வளவு எடை?"

"நானூறு கிராம் சார். காத்துல அணையாது. பாத்திரம் வச்சா ஆடாது."

"இதைவிட லேசா?"

மடக்கு அடுப்பு வந்தது. தராசில் வைத்தார். அதுவும் கனமாம். கடைசியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று, தொண்ணூறு கிராம், பிடித்துப்போனது.

அடுத்து பாத்திரம். அலுமினியத்தைத் தூக்கிப் பார்த்தார். டைட்டானியத்தைத் தூக்கிப் பார்த்தார். மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போட்டார்.

"எதையாவது எடுங்களேன், வீடு போய்ச் சேரணும்" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

ஒருவழியாக எல்லாவற்றையும் பையில் அடைத்து அவள் முதுகில் மாட்டினார்.

"நடந்து பாரு. தோள் இழுக்குதா?"

சேல்ஸ்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை ஆராய்ச்சியும் பெண்டாட்டி தலையில் கட்டத்தானா?

"சுமை எல்லாம் மேடத்துக்கு. சார் கையை வீசிட்டு நடப்பீங்களோ?"

அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் போகலைங்க. அவ ஃப்ரெண்ட்ஸோட போறா, அஞ்சு நாள். பசங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன். கூடப் போய்த் தூக்கத்தான் முடியலை, பாரத்தையாவது குறைச்சு அனுப்பலாம்னு."

சேல்ஸ்மேன் பில் போட்டார்.

அவர்கள் படி இறங்கியதும் பக்கத்து கவுன்ட்டர்காரரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இவர் வீட்டுல பிள்ளையைப் பாத்துப்பாராம், அந்தம்மா மலை ஏறுமாம். சரியான பெண்டாட்டி தாசன்."

இருவரும் சிரித்தார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் சேல்ஸ்மேன் நினைத்து நினைத்துச் சிரித்தார்.

அவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், நிறைந்த கேஸ் சிலிண்டரைப் படியோரம் சாய்த்துப் பிடித்தபடி அவர் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சுவரோடு ஒட்டி நுழைந்து மேலே ஏறினார்.

"சீக்கிரம் வந்து டீயைப் போடு. இன்னிக்குக் கடைக்கு ஒருத்தன் வந்தான் பாரு, சொன்னா வயிறு வலிக்கச் சிரிப்பே."