பத்தொன்பதாவது சுவிட்ச்

என் தங்கை புருஷனுக்கு அன்று மத்தியானம் நான் பேசி முடித்த விலை ஒரு டீ.

பழைய அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளைக் கணக்கெடுக்கும் வேலை எங்களுக்கு. ஒவ்வொரு சுவிட்சையும் அதன் அமைப்பு என்ன, பக்கத்தில் இணைந்திருப்பது எது என்று விசாரித்து, மென்பொருளே வரைபடம் போட்டுவிடும். காலையில் நாங்கள் கையால் எண்ணியது பதினெட்டு. மென்பொருள் பத்தொன்பது என்றது. கூடுதலாக வந்ததன் அமைப்பில், அது இருக்கும் இடம் 'நான்காம் மாடி' என்று எழுதியிருந்தது. கட்டடத்தில் மாடிகள் மூன்று.

"எவனோ தப்பா எழுதியிருக்கான் மாப்ளே. மூணாவதுல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். கண்டுபிடிச்சு ஏதாவது ஒரு போர்ட்டுல கேபிள் போட்டு உங்க லேப்டாப்பைச் சொருகுங்க, இங்க காட்டிடும்."

"முழங்கால் உயிர் போகுது மச்சான். டீ உண்டுன்னா ஏறுறேன்."

"அரை டீ?"

"முழுசு. சக்கரை தூக்கலா."

நொண்டிக்கொண்டே ஏறினார். பத்தாவது நிமிடம் அவர் லேப்டாப் என் திரையில் தெரிந்தது: பத்தொன்பதாவது சுவிட்ச், ஏழாவது போர்ட்.

உடனே கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். லேப்டாப் பைக்குள் இருந்தது. நடையில் நொண்டல் இல்லை.

"மேல ஒண்ணுமில்ல மச்சான். டீ எங்க?"

திரையில் அவர் லேப்டாப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'மச்சான், இறங்குற படியைக் காணோம்.'

அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவரைக் கையோட கூட்டிட்டு வந்துடு."

ஏறியவர் ஒருவர். இறங்கியவர் ஒருவர். ஏழாவது போர்ட்டில் பாக்கி ஒருவர்.