தோற்றவர்களுக்கு வெட்டிய பலா

கால்பந்து அரையிறுதியில் பக்கத்து ஊரான வாழவந்தி நாட்டு அணி தோற்றதற்காக வளப்பூர் டீக்கடையில் பலாப்பழம் வெட்டுகிறார்கள். எதிரணி தோற்றால் இங்கே அதுதான் வழக்கம். மிளகு மூட்டையை இறக்கிவிட்டு வந்த யமுனாவின் கையிலும் ஒரு சுளையை வைக்கிறான் கொழுந்தன் சதீஷ்குமார். அவன் செல்போனில் கடைசி கோல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. பந்து உள்ளே போக, கோல்கீப்பர் சேற்றில் குப்புற விழுகிறான். "உங்கூருத் தவளை தாவுறதப் பாருங்க அண்ணி!" கடையே குலுங்கிச் சிரிக்கிறது. அந்தக் கோல்கீப்பர் அவளுடைய தம்பி. அவள் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பேச்சை விட்டவன். தாடி வைத்திருக்கிறான், ரொம்ப இளைத்திருக்கிறான். சாய்ந்த வெயில் செல்போன் கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது, பலாப்பால் ஒட்டிய விரல்களால் வெயிலை மறைத்துக்கொள்கிறாள். "இன்னொருக்கா போடு சாமி," என்கிறாள். அவளும் கேலியில் சேர்ந்துவிட்டாள் என்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். தம்பி மறுபடியும் விழுகிறான். எழுந்து, முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, நேராக அவளைப் பார்க்கிறான்.