எள்ளுருண்டை எரிந்த நேரம்

தொழிற்சாலை விடுதியில் ஆளுக்கு இத்தனை கலோரி என்று அளந்துதான் சோறு. வெளியிலிருந்து தின்பண்டம் வந்தால் அதன் அளவைச் சோற்றில் கழித்துவிடுவார்கள். அதை அளப்பது வாசலில் என் வேலை.

பேச்சித்தாயைப் பார்க்க அவள் அம்மா இசக்கியம்மாள் இரண்டு எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தார். ஒன்றைக் கம்பியில் குத்தி, வெப்பமானி வைத்த தண்ணீர்க் குவளைக்கு அடியில் கொளுத்தினேன். தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ, அத்தனை கலோரி. அது நின்று எரிந்தது. தண்ணீரின் சூடு ஏறிக்கொண்டே போனது.

"கடலையும் சேத்தியளாம்மா?"

"பிள்ள மெலிஞ்சு போயிருக்கால்லா. நெய்யும் விட்டேன்யா."

வாசலின் கம்பி வலைக்கு அப்பால் பேச்சித்தாய் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மா, சீக்கிரம் அணையணும்னு வேண்டிக்கோ."

அணையவில்லை.

"மத்த உருண்டை உள்ள போனா, ராத்திரிச் சோறு கிடையாது" என்றேன்.

"ராத்திரி ஷிப்டும்மா, சோறில்லாம நிக்க முடியாது. நீ கொண்டு போயிரு" என்றாள் மகள்.

இசக்கியம்மாள் உருண்டையைத் துணியில் முடிந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மோந்து பாத்தாக் கழிப்பாவளாய்யா?"

"இதுவரைக்கும் இல்ல."

அவர் முடிச்சை அவிழ்த்து, உருண்டையை வலையோடு சேர்த்துப் பிடித்தார். பேச்சித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.