ரகசியக் கூட்டத்தில் பேசியது

"என் பையன் டாங்கிக்குள்ளேயே வெந்து செத்தான். அதைப் பத்தி பார்லிமென்ட்ல ஒரு தடவையாவது வாயத் தொறந்தீங்களா?"

ஹில்டா பிராட்பென்ட் எழுந்து நின்று கேட்டாள். இரண்டாம் உலகப் போர்க் காலம்; இங்கிலாந்தில் ஒரு மில் ஊரின் சர்ச் ஹால்.

மேடையில் எம்.பி. ஜெஃப்ரி ஆல்டர்சன். பக்கத்தில் அவர் மனைவி டாரத்தி.

"லீவுல வந்தப்பவே ஆல்பி சொன்னான், 'அது டாங்கி இல்லம்மா, தகர டப்பா'ன்னு. உங்க வீட்டு வாசலுக்கே வந்து சொன்னேன். 'சபையில கேக்குறேன்'னீங்க. தினம் பேப்பர்ல தேடுறேன். பன்னி வளர்ப்பு பத்திதான் பேசியிருக்கீங்க!"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"பதில் சொல்லுங்க சார்!" மில்காரர் ஒருவர் கத்தினார்.

ஆல்டர்சன் மெல்ல எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, போன ஜூலை பத்தாம் தேதி டாங்கி விஷயமா சபை கூடிச்சு. ரகசியக் கூட்டம். பேப்பர்காரங்களை வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு நடத்தினாங்க. அங்க பேசினதை வெளிய சொன்னா சட்டப்படி குத்தம். அதனால நான் என்ன பேசினேன்னு சொல்ல மாட்டேன். திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரோ ஒருவர் கை தட்டினார். அடுத்த நிமிஷம் ஹாலே எழுந்து நின்று தட்டியது. சிரித்தவர்கள்தான் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

டாரத்தி மட்டும் தட்டவில்லை. சொந்தப் புருஷனுக்கு எப்படித் தட்டுவாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து டாரத்தி டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹில்டா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"மன்னிச்சுக்குங்கம்மா. எங்க ஆல்பிக்காக அவர் உள்ள சண்டை போட்டிருக்கார். தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"பரவாயில்ல ஹில்டா."

ஹில்டா கோட்டுப் பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். "ரேஷன் சர்க்கரை. ஆல்பி வந்தா கேக் செய்யலாம்னு சேர்த்தது. இனி யாருக்கு? அவர் டீயில போடுங்க."

டாரத்தி அடுத்த கோப்பையை எடுத்து டீ ஊற்றினாள்.

"அன்னிக்கு சபை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப ரொம்ப நொந்து போயிருப்பார், இல்ல?"

தூரத்தில் கை குலுக்கிக்கொண்டிருந்த ஆல்டர்சன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் டாரத்தி. "ராத்திரி சாப்பிடக்கூட இல்ல."

ஹில்டா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "இது போதும்மா எனக்கு. என் பிள்ளைக்காகப் பேச ஒருத்தர் இருந்தாரே."

டாரத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஜூலை பத்து அவர்கள் கல்யாண நாள். "ஒரு நாள் நீங்க சபைக்குப் போகலைன்னா யுத்தம் நின்னுடுமா?" என்று கெஞ்சி, தூண்டிலும் கையுமாக அன்று அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனவளே அவள்தான்.