மூன்றாவது வரி

“அந்த மூணாவது வரியை எழுதிருங்கண்ணே” என்றார் டாக்டர் கிருபாவதி.

பெயிண்டர் ஒச்சாண்டிக்கு முகம் மலர்ந்தது. 1980-இல் போடி கடைவீதியில் டாக்டரின் அந்தப் போர்டை எழுதியவர் அவர்தான். முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் எம்.பி.பி.எஸ். மூன்றாவது வரி, எம்.டி.க்காக மூன்று வருஷமாகக் காலியாகவே இருந்தது.

“மேல்படிப்புக்கு எடம் கெடச்சிருச்சா டாக்டரம்மா?”

“இல்ல. ‘எம்.டி. மூன்று முறை பெயில்’னு எழுதுங்க.”

ஒச்சாண்டி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “நுழைவுப் பரீட்சையில பாஸுன்னு சொன்னாகளே?”

“பாஸ்தான். இந்தத் தடவை இருந்த எடம் மூணு. எழுதினது நூத்தி எழுபத்தாறு பேர். நான் நாலாவது.”

“அது எப்படி பெயிலாகும்?”

“கடைவீதி அப்படித்தான சொல்லுது. சின்னதா எழுதாதீக. பேரு இருக்கிற அளவுக்கே இருக்கட்டும்.”

எழுதி முடிப்பதற்குள் எதிர்வீட்டு ஏலக்காய் வியாபாரி சுந்தர்ராஜ் ரோட்டைக் கடந்து வந்துவிட்டார். சத்தமாகப் படித்தார்.

“என்ன கூத்து இது? இனி எவன் உங்ககிட்ட வைத்தியத்துக்கு வருவான்?”

“வர்றவுக வரட்டும் அண்ணாச்சி.”

“எம் மக சொர்ணலதா எஸ்.எஸ்.எல்.சி.யில ரெண்டாந் தடவையா பெயிலாகி, பதினோரு நாளா மாடி ஜன்னலக்கூடத் தெறக்காம கெடக்கா. சோறு எறங்கல. நேத்து நீங்களே வந்து பாத்தீக. சின்னப் பிள்ளைக்கு இருக்கிற வெக்கம் படிச்ச உங்களுக்கு இல்லையே.”

“இல்லதான் அண்ணாச்சி. தப்புப் பண்ணுனவுக வெக்கப்படட்டும்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பெயிண்ட் காய்ந்ததும் ஒச்சாண்டி போர்டோடு ஏணியில் ஏறினார்.

“வரி முடியிற எடத்துல ஒரு சாண் விட்டிருக்கீகளா?” என்று கேட்டார் டாக்டர்.

“விட்டிருக்கேன். எதுக்கு?”

“வர்ற வருஷம் நாலாவது தடவை எழுதுவேன். பாஸோ பெயிலோ, அங்கன எழுதிக்கலாம்.”

ஒச்சாண்டி பழைய ஆணியில் போர்டை மாட்டப் போனார்.

“அங்க வேணாம்ண்ணே. இன்னும் ரெண்டு முழம் மேல.”

“மேல போனா ரோட்டுல போறவுகளுக்குத் தெரியாதே டாக்டரம்மா.”

“ரோட்டுல போறவுகளுக்கா எழுதச் சொன்னேன்?”

எதிர்மாடியில், பதினோரு நாளாகச் சாத்திக் கிடந்த ஜன்னலின் இரண்டு கதவுகளில் ஒன்று திறந்தது.