வாசலில் லெட்டி

"கண் தெரியாத ஒரு மனுஷரை நாலு மாசமா ஏமாத்தியிருக்கீங்க, மிஸ் டென்பி. வெட்கமா இல்லை?"

அகஸ்டா நான்கு பச்சை அட்டைப் புத்தகங்களை மேசைமேல் போட்டாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. மாதம் ஒன்றாக லண்டனிலிருந்து வரும் தொடர்கதை. மடிப்புக் கலையாமல்தான் வரும். கத்தியால் விளிம்பை வெட்டினால்தான் பக்கம் திறக்கும். இந்த நான்கிலும் கத்தி படவே இல்லை.

மிஸ் டென்பிக்கு ஐம்பது வயது. அகஸ்டாவின் மாமா தர்கிலுக்குத் துணையாக இருந்து, கடிதமும் கதையும் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. கைகளைக் கோத்தபடி நின்றாள்.

"நேத்து டீ குடிக்கறப்போ மாமா சொல்றார், 'கதையில ஆம்ப்ரோஸ் கிழவன் சௌக்கியமா இருக்கான், ஓடிப்போன பொண்ணு லெட்டி வாசலுக்கே வந்துட்டா'ன்னு. எனக்குப் புரையேறிடுச்சு. ஆம்ப்ரோஸ் செத்து நாலு மாசம் ஆச்சு! இங்கிலாந்தே அழுது முடிச்சாச்சு!"

"மார்ச் மாசப் புத்தகத்தை வெட்டினதுமே நான் முன்னாடி படிச்சுட்டேன், மேடம். பொண்ணு வருவாளான்னு கதவைப் பார்த்துட்டே, தனியா, கிழவர் உயிரை விடறார். நம்ம ஐயாவும் தனியா இருக்கறவர். அதை வாசிக்க எனக்கு வாய் வரலை."

"அதனால?"

"சாகலைன்னு சொல்லிட்டேன். அப்புறம்... நானாத்தான் சொல்லிட்டு வர்றேன்."

"உங்களை வெச்சது வாசிக்கறதுக்கு, புளுகறதுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் பெட்டியைக் கட்டிடுங்க. நற்சான்றுக் கடிதம் எதிர்பார்க்காதீங்க."

கடிதம் இல்லாமல் லிங்கன்ஷயரில் எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும். மிஸ் டென்பிக்குப் போக வேறு இடம் இல்லை என்பதும் தெரியும்.

"ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். மனசு ஒடிஞ்சிடுவார்." அவ்வளவுதான் சொன்னாள். மாடிக்குப் போய்விட்டாள்.

அகஸ்டா நேராக மாமாவிடம்தான் போனாள்.

தர்கில் முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் வீட்டுக்குள் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஆம்ப்ரோஸ் போனது எனக்கு மார்ச் மாசமே தெரியும்மா. ரொட்டிக்காரி மூக்கைச் சிந்திட்டே வந்து, 'ஆம்ப்ரோஸ் போயிட்டாரே ஐயா'ன்னா. நான் யாரோ நம்ம தெரு ஆள்னு நெனச்சு, 'அடக்கம் எப்போ?'ன்னு கேட்டுட்டேன். கதைன்னு புரியறதுக்குள்ள கறுப்புக் கோட்டைத் தூசு தட்டச் சொல்லியாச்சு!"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"அன்னிக்கு மத்தியானம் இவ வாசிக்க உக்காந்தா. குரல் நடுங்குது. ஆம்ப்ரோஸ் கஞ்சி குடிச்சான், எழுந்து நடந்தான்னு அளக்கறா. கையில காசில்லாம விலை கேக்கறவன் குரல் எனக்குத் தெரியாதா? இந்தக் கிழவனுக்காக ஒருத்தி இவ்வளவு கஷ்டப்பட்டுப் புளுகறாளேன்னு விட்டுட்டேன். நீ கடைசியா வந்தது கிறிஸ்துமஸுக்கு. இப்ப ஜூலை."

அகஸ்டா அதைக் காதில் வாங்காதவள் போல, "சரி, ஒரு தடவை. அதுக்காக நாலு மாசமா?" என்றாள்.

"அடுத்த மாசம் லெட்டியை வாசலுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. மழை கொட்டுது, லெட்டி கதவைத் தட்டறா. அந்த இடத்துல நிறுத்திட்டு, 'இப்ப அப்பா என்ன சொல்லுவார் ஐயா?'ன்னு என்னைக் கேட்டா."

"நீங்க?"

"'நனைஞ்சுட்டியே, உள்ள வாம்மா'ன்னு சொல்லுவான்னேன். அன்னிக்கு அதோட எழுந்து மாடிக்குப் போயிட்டா."

"அதோட கதை முடிஞ்சுதே!"

"எங்க முடிஞ்சுது? அடுத்த செவ்வாய்க்கிழமை லெட்டி மறுபடி வெளியே நிக்கறா. மறுபடி தட்டறா. நானும் மறுபடி கூப்பிட்டேன். வாராவாரம் இதுதான் நடக்குது."

"கிறுக்குத்தனமா இருக்கு. ஒருத்தி எத்தனை தடவைதான் வீட்டுக்குத் திரும்பி வருவா?"

தர்கில் குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் ஒன்று இருப்பதே அகஸ்டாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"கதையில லெட்டியோட அப்பனுக்கு என்னம்மா தொழில்?"

"மாவு மில்லு."

"இவ சொல்ற கதையில கதவைத் திறக்கற அப்பன் கழுத்துல வெள்ளைப் பட்டி கட்டியிருக்கான். கையில ஜெபப் புத்தகம் வெச்சிருக்கான். மாவு மில்காரனுக்கு எதுக்கும்மா பாதிரியார் பட்டி?"

அகஸ்டா மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மாமாவுக்குத் துணையாக ஒரு பாதிரியாரின் மகளையே பிடித்துவிட்டதாக ஊரெல்லாம் பெருமையடித்தவள் அவள்தான். அந்த மகள் ஏன் கிறிஸ்துமஸுக்குக்கூட அப்பா வீட்டுக்குப் போனதில்லை என்று ஏழு வருஷத்தில் ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

"பெட்டியைக் கட்டச் சொல்லிட்டேனே மாமா..."

"போய் அவிழ்க்கச் சொல்லு. ஆனா, எனக்குத் தெரியும்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே."

"ஏன்?"

"எனக்காகப் பொய் சொல்றதா நெனச்சுட்டிருக்கா. தனக்காகத்தான் சொல்றோம்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே நிறுத்திடுவா. அப்புறம் அவளை உள்ள கூப்பிட யாரும்மா இருக்கா?"